எல்லாவற்றையும் மாற்று

தெருவிளக்குப் பராமரிப்பு அலுவலகத்தில் ஒரு தரவுத்தளம் இருந்தது. ஊரில் எங்கெங்கே விளக்குக் கம்பம் நிற்கிறது, எது எரிகிறது, எது எரியவில்லை, அலுவலகத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், யாருக்கு எவ்வளவு விடுப்பு மிச்சம் என்பதெல்லாம் அதற்குள் இருந்தன. அதைத் திறக்க ஒரு கடவுச்சொல்லும் இருந்தது. 'விளக்கு' என்பதே அந்தச் சொல். யாரும் மறந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைத் துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒட்டியிருந்தார்கள். தாள் பழுத்து உதிரும்போதெல்லாம் யாராவது புதிதாக எழுதி ஒட்டிவிடுவார்கள். யாரும் மேலிடத்தில் புகார் கொடுக்காமலேயே அங்கே நடந்துவந்த ஒரே பராமரிப்பு வேலை அதுதான்.

இந்நிலையில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தகவல் பாதுகாப்பு இன்றைய காலத்தின் தலையாய தேவை என்றும், அதை இதுவரை யாரும் உணராதது வருந்தத்தக்கது என்றும், இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் தனித்தனி உரிமையும் வழங்கப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது. பார்த்தல், சேர்த்தல், திருத்துதல், நீக்குதல் என உரிமைகள் நால்வகைப்படும். தகுதியறிந்து வழங்குக.

தகுதியறிவதற்காக அன்று மாலையே கூட்டம் கூடியது. அலுவலகத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். அவரை எல்லாரும் ஐயா என்பார்கள். அவருக்கு வலது பக்கம் சூப்பரண்டு. மற்றவர்கள் சுவரோரம். கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் டேட்டா மேடம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. சம்பள நாளில் மட்டும் அதைப் பயன்படுத்துவார்கள். தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு கம்பத்தையும் தட்டச்சு செய்து ஏற்றியவள் அவள்தான். அந்த அலுவலகத்தில் ஒரே பெண்ணும் அவள்தான். ஆறேழு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச நேர்ந்தால் அவளுக்குக் காது சிவந்துவிடும். அதனால் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டிருப்பாள்.

"திருத்துறது பெரிய பொறுப்பு. அது என்கிட்ட மட்டும் இருக்கட்டும்," என்றார் ஐயா.

"நீக்குறது, சார்?" என்று கேட்டார் சூப்பரண்டு.

"நீக்குறதுல என்ன பொறுப்பு இருக்கு? நீக்கிட்டா அப்புறம் பொறுப்பெடுத்துக்க அங்க ஒண்ணுமே இருக்காதே. அதை எல்லாருக்கும் குடுத்துடலாம்."

சூப்பரண்டின் முகம் சுண்டிப்போனது. "எனக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் அதே உரிமை, எனக்கும் அதே உரிமைன்னா, நான் எதுக்கு சார் கைவெச்ச நாற்காலில உட்கார்ந்திருக்கேன்?"

இதில் நியாயம் இருந்தது. அவருக்குக் கூடுதலாகப் பார்க்கும் உரிமை வழங்கப்பட்டது. மிஞ்சியது சேர்க்கும் உரிமை. வேலை உள்ள உரிமை அது ஒன்றுதான் என்பதால் அதை யாரும் கேட்கவில்லை.

"டேட்டா மேடம் சேர்க்கட்டும்," என்றார் ஐயா.

"பார்க்கலாமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"சேர்க்கறவங்க எதுக்கும்மா பார்க்கணும்? என்ன சேர்த்தோம்னு உனக்குத் தெரியாதா?"

காது சிவப்பதற்குள் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மென்பொருள்காரர் வந்து எல்லாருக்கும் கணக்கைத் திறந்து கொடுத்தார். ஐயாவின் முறை வந்தபோது மற்றவர்கள் அறையைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மென்பொருள்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் ஐயா வெளியே வந்து, ஒரு பெரிய காரியத்தை முடித்த களைப்போடு தண்ணீர் கேட்டார்.

அதன்பிறகு அலுவலகம் பாதுகாப்பாக இயங்கத் தொடங்கியது. தெருவில் விளக்கு எரியவில்லை என்று மக்கள் வந்து சொல்வார்கள். டேட்டா மேடம் 'எரியவில்லை' என்று சேர்ப்பாள். ஆட்கள் போய்ச் சரிசெய்வார்கள். விளக்கு எரியும். ஆனால் 'எரியவில்லை' என்பதை 'எரிகிறது' என்று திருத்த ஐயாவால்தான் முடியும். ஐயாவோ கூட்டத்தில் இருப்பார். ஆகவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கைச் சரிசெய்ய ஆட்கள் மறுபடியும் போவார்கள். ஏணியைச் சாத்தி ஏறி, அது எரிவதைப் பார்த்து, இறங்கி வருவார்கள். இது அவர்களுக்கே ஒருநாள் அலுத்துப்போனது. எல்லாரிடமும் நீக்கும் உரிமை இருக்கிறதே என்பது அப்போதுதான் ஒருவருக்கு உதித்தது. அதுமுதல், சரிசெய்த விளக்குகளை எல்லாம் தரவுத்தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். நாளடைவில் ஊரில் நன்றாக எரிந்த விளக்கு எதுவும் கணக்கில் இல்லை. கணக்கில் இருந்த எதுவும் எரியவில்லை. தலைமையகத்துக்கு இது துல்லியமான கணக்காகத் தோன்றியது.

சன்னலுக்கு வந்து கேட்பவர்களிடம் டேட்டா மேடம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தாள். "என்னால சேர்க்க மட்டும்தாங்க முடியும்." அவர்கள் அவளை முறைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் அவள் வயிறு மேசையைத் தொட்டுவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டு, கையை எட்டி நீட்டித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பமும் அந்தக் கணினியிலேயேதான். பொத்தானை அழுத்திய கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'விண்ணப்பதாரர் ஆண். மகப்பேறு விடுப்பு பொருந்தாது.'

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து ஐயாவின் அறைக்குப் போனாள்.

நடந்தது இவ்வளவுதான். பாலினம் என்ற கட்டத்தில் யாரும் எதையும் தட்டாமல் விட்டால் 'ஆண்' என்று தானாக விழும்படி மென்பொருள்காரர் முதலிலேயே அமைத்திருந்தார். பெரும்பாலும் அதுதானே வரப்போகிறது என்பது அவர் எண்ணம். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய விவரத்தைத் தட்டியவர் சூப்பரண்டு. மதியச் சாப்பாட்டு அவசரத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"கணினி அப்படிச் சொல்லுதேம்மா," என்றார் ஐயா.

"சார், நீங்களே பாருங்க."

ஐயா பார்த்தார். வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதை கருதிக் கூரையைப் பார்த்தார். "நான் பார்க்கிறது ஆவணம் ஆகாதும்மா."

"டாக்டர் சான்றிதழ் கொண்டு வரட்டுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம். ஒரு ஆண் பணியாளர் கர்ப்பமா இருக்கார்னு எழுதிக் குடுத்தா அந்த டாக்டருக்குத்தான் சிக்கல். பாவம், பிழைச்சுப் போகட்டும்."

போன மாதம் தலைமையகத்திலிருந்து விருந்தினர் வந்தபோது, வாசலில் பூங்கொத்தோடு நிற்கவும் தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுபோய் வைக்கவும் 'மகளிர் பணியாளர்' என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். அப்போது யாரும் கணினியைக் கேட்கவில்லை. தேநீருக்குக் கண்ணை நம்புகிறார்கள், விடுப்புக்குக் கணினியை நம்புகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அனுமதியில்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தால் வேலை போய்விடும் என்பதும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பரண்டு நல்ல மனிதர். தன்னால் வந்த வினை என்பதால் ஒரு வழியும் கண்டுபிடித்தார். "நான் உன் பதிவை நீக்கிடறேன். என்கிட்ட அந்த உரிமை இருக்கு. நீயே உன்னைப் புதுசாச் சேர்த்துக்கோ. உன்கிட்ட அந்த உரிமை இருக்கு. இந்தத் தடவை பெண்ணுனு போட்டுக்கோ."

"அப்ப நான் இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்ததா ஆகாதா சார்?"

"ஆகும்."

"புதுசாச் சேர்ந்தவங்களுக்குப் பிரசவ லீவு உண்டா?"

சூப்பரண்டு தலையைச் சொறிந்தார். "முதல் வருஷம் கிடையாது. ஆனா பெண்ணாயிடலாம்."

அவள் ஆணாகவே இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே திருத்தியாக வேண்டும். திருத்த ஐயாவின் கடவுச்சொல் வேண்டும். ஐயா சளைக்கவில்லை. தினமும் காலையில் எல்லாரையும் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஒரு தட்டு கேட்கும். பிறகு ஒரு பெரிய தட்டு. பிறகு அமைதி. மூன்று முறை தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான், கணினி பூட்டிக்கொள்ளும். ஐயா வெளியே வந்து, "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மெஷின்தான் மறந்துடுச்சு," என்பார்.

"என்னனு சொன்னீங்கன்னா நான் அடிச்சுப் பார்க்கிறேன் சார்," என்று சூப்பரண்டு ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ரகசியத்தை வெளியில சொல்லலாமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

வீட்டில் அவள் கணவன் அச்சகத்திலிருந்து மை படிந்த விரல்களோடு வந்து தினமும் ஒரே கேள்வியைக் கேட்டான். "இன்னிக்காவது பொம்பளை ஆயிட்டியா?"

"இல்ல."

"சரி, நாளைக்குப் பார்ப்போம். காலை நீட்டு, வீங்கியிருக்கு."

மருத்துவர் சொன்ன தேதி பக்கத்தில் வந்துவிட்டது. அவள் காது சிவக்கச் சிவக்க ஐயாவிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள். "சார், மென்பொருள்காரருக்கு ஒரு போன் பண்ணிடுங்க சார், பிள்ளை காத்திருக்காது." ஐயா இணங்கினார். வழக்கம்போல் எல்லாரும் தாழ்வாரத்துக்குப் போனார்கள். ஐயாவின் கைபேசியில் ஒரு பழுது. காதருகே வைத்தால் கேட்காது, ஒலிபெருக்கியில் போட்டால்தான் கேட்கும். கதவைச் சாத்தியும் ஒன்றும் பயனில்லை.

"சார், என்ன கடவுச்சொல் போட்டீங்க?" என்றது மென்பொருள்காரரின் குரல்.

"அதைச் சொல்லக் கூடாது."

"சரி, சொல்ல வேண்டாம். அடிங்க."

ஒரு தட்டு. ஒரு பெரிய தட்டு.

"தவறுன்னு வருது."

"ஒரே ஒரு எழுத்தா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சத்தம் கேட்டுச்சு சார். எந்த எழுத்து?"

"எழுத்தே இல்லப்பா. புள்ளி."

"புள்ளியா?"

"அன்னிக்கு நீ பக்கத்துலதானே நின்னே? திரையில புள்ளிதானே வந்துச்சு? என் கண்ணால பார்த்தேன்."

"சார், எதை அடிச்சாலும் அங்க புள்ளியாத்தான் தெரியும். மறைக்கிறதுக்காக."

"யார்கிட்டேருந்து?"

"எல்லார்கிட்டேருந்தும்."

"என்கிட்டேருந்துமா?"

மறுமுனையில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மென்பொருள்காரர் பொறுமையாகக் கேட்டார். "அன்னிக்கு விசைப்பலகையில என்ன சார் அடிச்சீங்க?"

"நீ என்ன சொன்னியோ அதை."

"நான் என்ன சொன்னேன்?"

"ரகசியமா ஏதாவது ஒண்ணு போடுங்க சார்னு சொன்னே."

"ஆமா."

"போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணு."

தாழ்வாரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சூப்பரண்டு சன்னல் வழியே வெளியே தெரிந்த ஒரு கம்பத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிலைமையைக் கண்காணிப்பது தன் கடமை என்று நினைத்தாரோ என்னவோ, தன் மேசைக் கணினிக்குப் போய் டேட்டா மேடத்தின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'ஆண்' என்பது 'பெண்' என்று மாறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். செய்த பிழை தீர்ந்தது என்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒன்று போடப்பட்டது. தரவுத்தளம் திறந்துகொண்டது.

"தேடி மாற்றுன்னு ஒண்ணு இருக்கும் சார்," என்றது குரல். "மேல 'ஆண்'னு அடிங்க, கீழ 'பெண்'னு அடிங்க. நான் வண்டில போறேன், வெச்சிடறேன்."

டேட்டா மேடம் கதவுப் பக்கம் நகர்ந்தாள். கதவை லேசாகத் திறந்தாள். "சார், என் பதிவை மட்டும்..."

"எனக்குச் சொல்லித் தராதேம்மா. முழு உரிமை யார்கிட்ட இருக்கு?"

ஐயாவின் முன்னால் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'மாற்று' என்று இருந்தது. இன்னொன்றில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று இருந்தது. ஒன்றை மட்டும் மாற்றுவது குமாஸ்தா வேலை. அதற்காகவா இத்தனை காலம் பணியாற்றி இந்த நாற்காலிக்கு வந்தார்? இரண்டாவதை அழுத்தினார்.

'ஒரு பதிவு வேறொருவரால் திறக்கப்பட்டுள்ளதால் மாற்றப்படவில்லை. ஏனைய அனைத்தும் மாற்றப்பட்டன. இச்செயலைத் திரும்பப் பெற இயலாது.'

"ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு," என்று ஐயா மகிழ்ச்சியோடு அறிவித்தார். "இவ்வளவு பெரிய காரியத்துல அது சகஜம்."

அதோடு அவர் நிற்கவில்லை. தன் கடவுச்சொல் தாழ்வாரம் வரை பரவிவிட்டதால் பாதுகாப்பு கெட்டுவிட்டது என்று உணர்ந்து, உடனே புதிய கடவுச்சொல் போட்டார். சுற்றறிக்கையில் சொன்னபடி எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து நீளமாக. இந்த முறை ரகசியம் எந்த வழியிலும் கசியக் கூடாது என்பதற்காகத் திரையையும் பார்க்கவில்லை, விசைப்பலகையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கேட்ட இடத்தில் அதையே மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது, கணினி ஏற்றுக்கொண்டது. அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அடித்த எதையும் கணினி ஒருமுறைகூட ஏற்கவில்லை.

ஆக, அந்த அலுவலகத்தில் ஐயா பெண். சூப்பரண்டு பெண். ஏணி ஏறுபவர்கள் பெண்கள். காவலாளி, மீசையுடன், பெண். டேட்டா மேடம் மட்டும் ஆண்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. ஐயா எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான் மாற்றியிருந்தார். 'ஆண்டு' என்ற சொல்லிலும் ஓர் ஆண் ஒளிந்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரம் தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கையின் தலைப்பு 'பெண்டு அறிக்கை' என்று இருந்தது. 'கடந்த பெண்டில் பழுதான விளக்குகள் இந்தப் பெண்டில் குறைந்துள்ளன' என்று உள்ளே இருந்தது.

தலைமையகத்தில் அதைப் படித்தவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மேலே சொன்னால் படிக்காதவர் என்று நினைத்துவிடுவார்கள். மேலே இருந்தவருக்கும் அதே பயம். கடைசியில் மொழியறிந்த ஒருவர் குறிப்பெழுதினார். 'ஆண்டு' என்ற சொல்லில் ஆணாதிக்கம் இருப்பதை இத்தனை காலம் நாம் கவனிக்கவில்லை என்றும், 'பெண்டு' பழைய நல்ல தமிழ்ச் சொல் என்றும், கடைக்கோடி அலுவலகம் ஒன்று நமக்கெல்லாம் வழிகாட்டியிருப்பது பெருமைக்குரியது என்றும் அதில் இருந்தது. அடுத்த வாரமே எல்லா அலுவலகங்களும் பெண்டு அறிக்கை அனுப்பத் தொடங்கின. ஒருவரையொருவர் "புதுப் பெண்டு வாழ்த்துகள்" என்று வாழ்த்திக்கொண்டார்கள். மறந்துபோய் 'ஆண்டு' என்றவர்களைப் பிற்போக்கானவர்கள் என்றார்கள்.

டேட்டா மேடத்துக்கு வலி கண்டது அந்த நாட்களில்தான். மருத்துவமனைக்குக் கிளம்புமுன், வேறு வழி தெரியாமல், தந்தையர் விடுப்புக்கு விண்ணப்பித்தாள். கணினி உடனே ஒரு வாரம் கொடுத்து வாழ்த்தும் சொன்னது.

பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு தீர்ந்தும் அவள் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தபோது சூப்பரண்டு பழப்பையோடு பார்க்க வந்தார். பையில் பழங்களுக்கு அடியில் ஓர் உறை இருந்தது. அதை எடுக்காமல் நெடுநேரம் குழந்தையின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் அது?" என்றாள் அவள்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தலைமையகத்துலேருந்து பெரிய அதிகாரி வந்திருந்தாரு. முழுக்க முழுக்க மகளிர் நடத்தற அலுவலகம்னு பாராட்ட. மகளிர் பணியாளர் வாசல்ல நிக்கணும்ல? நாங்க எல்லாரும் பூங்கொத்தோட நின்னோம். ஐயாதான் தேநீர் கொண்டுபோய் வெச்சாரு. பழக்கமில்ல பாரு, தட்டுல பாதி கொட்டிடுச்சு."

"அவர் ஒண்ணும் கேக்கலையா?"

"என்னம்மா கேப்பாரு? கணினில பெண்ணுனு இருக்கு. எங்களைப் பார்த்தாரு, கூரையைப் பார்த்தாரு, தேநீர் குடிச்சாரு. போறப்ப மட்டும், இங்க ஆண் பணியாளரே கிடையாதான்னு கேட்டாரு. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒருத்தர் இருக்கார் சார், பிரசவத்துக்குப் போயிருக்கார்னு சொல்லிட்டேன்."

அவள் உறையைப் பிரித்தாள். தந்தையர் விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாததற்கு உடனடியாக விளக்கம் அளிக்காவிட்டால் வேலைநீக்கம் என்று இருந்தது. பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருந்தார்கள்.

"பயப்படாதே," என்றார் சூப்பரண்டு. "பிள்ளையோட பிறப்புச் சான்றிதழை வாங்கி இணைச்சு அனுப்பு. அதுல தாய்னு உன் பேர் இருக்கும்ல? ஒரு ஆம்பளை எப்படித் தாயாக முடியும்? கணினி என்ன சொன்னாலும் இதை மறுக்க முடியாது."

இதைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு சீரானது. மறுநாளே கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். சன்னலுக்குப் பின்னால் அவளைப் போலவே ஒரு பெண், கையை எட்டி நீட்டித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பணியாளர் எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்றாள்; எல்லா அலுவலகக் கணினிகளையும் போன மாதம் இணைத்துவிட்டார்களாம், விவரமெல்லாம் தானாக வந்து விழும். எண்ணைச் சொன்னார்கள். வந்து விழுந்தது. சான்றிதழ் சூடாக வெளியே வந்தது.

கணவன் வாங்கிப் படித்தான். அச்சகத்தில் பிழை பார்க்கும் கண் அவனுக்கு. ஒரு விரலை வைத்து, வாய்விட்டு வாசித்தான்.

"தந்தைன்னு உன் பேர் இருக்கு."

"தாய்?"

"நான்."

குழந்தை அழத் தொடங்கியது. அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "இப்ப பால் யார் குடுக்கணும்னு இவங்ககிட்டயே கேட்டுடு," என்றான்.

அவள் சன்னலுக்குள் குனிந்தாள். "இதைக் கொஞ்சம் திருத்திக் குடுத்துடும்மா. வேலையே போயிடும்."

"என்னால சேர்க்க மட்டும்தான்க்கா முடியும்," என்றாள் அந்தப் பெண்.

டேட்டா மேடம் அவளை முறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. "திருத்தற உரிமை யார்கிட்ட இருக்கு?"

"எங்க மேடத்துக்கிட்ட மட்டும்தான். அவங்க இப்ப வரமாட்டாங்க. கடவுச்சொல்லையும் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகல."

"எங்க போயிருக்காங்க?"

"பிரசவ லீவுல இருக்காங்கக்கா."

டேட்டா மேடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கிடைச்சிருச்சா?"